உண்ணல், உடுத்தல், நடத்தல்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தொழிற்பெயர் மறந்திருக்காது. உண்ணல், உறங்குதல், நடத்தல், கொடுத்தல் என்று கரும்பலகையில் நீண்ட பட்டியல் அது. அங்கே தொழில் என்றால் கூலி கிடைக்கும் வேலை இல்லை. செய்கிற எந்தச் செயலும் தொழில்தான். சைவர்கள் சிவனுக்குச் சொல்லும் ஐந்தொழிலிலும் இதே பொருள்தான். பேச்சு வழக்கில் அந்தச் சொல் தச்சுத்தொழில், நெசவுத்தொழில், கடைசியில் 'என்ன தொழில் பண்றீங்க' என்ற கேள்வி அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற மருத்துவத்துறையைத் தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் பெயர்த்தபோது இந்தச் சுருங்கிய பொருள்தான் காதில் விழுந்தது. கேட்பவர்கள் அதை ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'ஓ.டி.' என்று சுருக்கினாலும் பயனில்லை, மருத்துவமனையில் ஓ.டி. அறுவை அரங்கு, ஆலையில் ஓ.டி. கூடுதல் நேர வேலை. இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அந்தத் துறையே தன் பெயரிலுள்ள 'தொழில்' எது என்று தெளிவதற்கு நெடுநாள் எடுத்துக்கொண்டது. அந்தத் தெளிவு பிறந்த இடங்களில் ஒன்று வேலூர். பாடநூல் எதுவும் அதைக் கற்றுத் தரவில்லை. தொழுநோயாளிகளின் மரத்துப்போன கைகள்தான் கற்றுத் தந்தன.

முதலில் பெயரின் பிறப்பைப் பார்த்துவிடலாம். 1917 மார்ச் மாதம் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி இந்தச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். கூட்டியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். மருத்துவரல்ல, கட்டடக் கலைஞர். காசநோயும் இடப்பக்கச் செயலிழப்பும் பட்டவர். தோட்ட வேலையும் மரவேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டவர். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கூடை முடையவும் தறி நெய்யவும் கற்றுக்கொடுக்கப் பெண்கள் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கூடையும் தறியும் அன்றிலிருந்து இந்தத் துறையின் முத்திரையாகவே ஒட்டிக்கொண்டன. இந்தியாவில் இது முறைப்படி தொடங்கியது 1950-இல், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில். தொடங்கியவர் கமலா நிம்ப்கர்; அமெரிக்காவில் பிறந்து, மணமாகி இந்தியர் ஆனவர். 1952-இல் இத்துறைக்கு உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஏட்டு வரலாறு இவ்வளவுதான்.

வேலூரின் வரலாறு இந்த ஏட்டுக்கு வெளியே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொடங்குகிறது. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1947-இல் அவரைப் பார்க்க வந்தவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் லண்டனில் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சும் பயின்றவர். இந்த இரண்டாவது தகவல் பின்னால் நமக்குத் தேவைப்படும். விரல்கள் கொக்கிபோல் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடி இரும்பாக இருந்தது. வலி தாங்க முடியவில்லை. செத்துப்போன கை என்று உலகம் ஒதுக்கிய கையில் இவ்வளவு வலுவா? காரணம் நரம்பில் இருந்தது. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த இடங்களை நாடுவது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அருகே தோலையொட்டி ஓடும் நரம்புகளை அது கெடுக்கிறது. ஆழத்தில் இருப்பவற்றை விட்டுவிடுகிறது. அதனால் விரலை நீட்டவும் கட்டைவிரலை எதிரே கொண்டுவரவும் உதவும் உள்ளங்கைத் தசைகள் படுத்துவிடுகின்றன. விரலை மடக்கும் முன்கைத் தசைகளோ முழு வலுவோடு இருக்கின்றன.

இருக்கும் தசையை இல்லாத தசையின் இடத்துக்கு மாற்றிக் கட்டலாம் என்பது அறுவை மருத்துவருக்கு உடனே தோன்றியது. 1948-இல் வேலூரில் அது தொடங்கியது. தசைநாணைப் பிரித்து, திசை மாற்றி, வேறு விரலில் தைத்து, மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கை நேராக இருக்கும். ஆனால் நோயாளிக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. நேற்றுவரை ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இன்று இன்னொரு வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. மூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். உணர்ச்சி இல்லாத விரலில் அது எளிதல்ல. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கை பழக வேண்டும். பயிற்சி இல்லாத அறுவை கையின் அழகைக் கூட்டுமே தவிர அதனால் ஆவது ஒன்றுமில்லை. இதை அறுவை மருத்துவர்களே முதலில் ஒப்புக்கொண்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. பொதுவாகக் கத்தி பிடித்தவர்கள் கத்திக்குப் பிந்தைய காலத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொரு சிக்கலும் வந்தது. கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சைகூட எடுக்க முடியவில்லை என்று முறையிட்டார். மடங்கிய கைக்கு விழுந்த காசு நேரான கைக்கு விழவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. இந்த முறையீட்டை நன்றி கெட்ட பேச்சு என்று தள்ளிவிடாமல், சிகிச்சையில் நேர்ந்த குறை என்று எடுத்துக்கொண்டதில்தான் வேலூரின் சிறப்பு இருக்கிறது. 1951-இல் பாகாயத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் எழுந்தது. மருத்துவமனைக் கட்டடமாக இல்லாமல், வெள்ளையடித்த மண்குடிசைகளோடு ஒரு சிற்றூர்போல அமைத்தார்கள். திரும்பிப் போக வேண்டிய ஊர் எப்படியோ அப்படித்தானே பழகும் இடமும் இருக்க வேண்டும். அங்கே தச்சுப் பட்டறை வைத்து, மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். லண்டனில் தச்சு படித்த மருத்துவரின் பழைய வித்தை இங்கே பயன்பட்டது. இதுவரை பார்த்தால் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸின் கூடையும் தறியும்தான், மரப்பொம்மை வடிவில்: நோயாளிக்கு ஒரு தொழில் கொடுப்பது, அவர் பிழைத்துக்கொள்வது. நோக்கம் அதுவாகத்தான் இருந்தது. கிடைத்ததோ வேறு.

பட்டறை தொடங்கியதும் கைகளில் காயங்கள் பெருகின. அறுவையில் நேராக்கிய விரல்கள் சில வாரங்களிலேயே புண்ணாயின. தொழுநோயில் சதை தானே அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்பது அதுவரை மருத்துவ உலகமும் நம்பிவந்த கதை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு பட்டறையை மூடியிருக்கலாம். மூடாமல், ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். எந்தக் கருவியைப் பிடித்தபோது, எந்த நேரத்தில், எந்த விரலில் என்று கேட்டுக் கேட்டுப் பின்னோக்கிப் போனார்கள். ஏறக்குறைய எல்லாக் காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சுத்தியல் பிடியில் ஒரு சிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வலிக்காததால் நாள் முழுக்கப் பிடித்திருப்பார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகும்போது, விரல் எலும்பில் சாவி பதியும் அளவுக்கு அழுத்துவார். நமக்கு வலி 'போதும்' என்று சொல்லும் இடத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை. திருமணியில் பிராண்டைத் திகைக்க வைத்த அதே இரும்புப் பிடிதான் இங்கே எதிரியாக நின்றது. எந்த வலு அறுவையைச் சாத்தியமாக்கியதோ அந்த வலுவே அறுவையின் பலனைத் தின்றுகொண்டிருந்தது. சில காயங்களுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை: இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. காவல் வைத்துப் பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. அதற்குப் பின் நிலையத்தை விட்டுப் போகிறவர்கள் ஒரு பூனையோடு போக வேண்டும் என்றாயிற்று. மறுவாழ்வு மருத்துவத்தின் கருவிப் பட்டியலில் பூனையைச் சேர்த்த பெருமை வேலூருக்கே உரியது.

இந்தத் தேடலால் பட்டறையின் பொருளே மாறிப்போனது. அங்கே செய்த பொம்மையைவிட, அது செய்யப்படும்போது கை படும் பாட்டைப் பார்த்ததில்தான் அறிவு விளைந்தது. கருவியின் பிடி மெலிதாக இருந்தால் அழுத்தம் ஓரிடத்தில் குவியும். பிடியைப் பருமனாக்கினால் பரவும். மாலையில் கைகளை வெளிச்சத்தில் விரித்து, சிவந்த இடம், சூடான இடம் இருக்கிறதா என்று கண்ணால் தேட வேண்டும். வலி செய்ய வேண்டிய வேலையைப் பார்வையும் பழக்கமும் செய்ய வேண்டும். இதையெல்லாம் பட்டறையோடு நிறுத்த முடியாது. மனிதன் சுத்தியலைப் பிடிப்பது சில மணி நேரம்; அடுப்பையும் சொம்பையும் கிணற்றுக் கயிற்றையும் பிடிப்பதுதான் மற்ற நேரமெல்லாம். காபி டம்ளரின் விளிம்பு, அடுப்பிலிருந்து துணியில்லாமல் இறக்கும் பாத்திரம், விரலிடுக்கில் எரிந்துகொண்டே வரும் பீடி ஆகிய மூன்றும் தின்ற விரல்களுக்குக் கணக்கில்லை. ஆக, கற்றுத்தர வேண்டிய 'தொழில்' தச்சு அல்ல. உண்ணல், உடுத்தல், சமைத்தல், உறங்குதல். இலக்கணக்காரரின் பட்டியலுக்கு மருத்துவம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலைநாட்டு மறுவாழ்வு நூல்கள் கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பதையும், சட்டைப் பொத்தான் போடுவதையும் அன்றாடச் செயல்களாக அடுக்கும். இங்கே சோற்றைப் பிசைந்து கவளமாக்கி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு விரல்கள் அடிக்கணுவில் மடங்கி, நுனிவரை நீண்டு, கட்டைவிரல் எதிரே வந்து தள்ள வேண்டும். தொழுநோய் பறிப்பது துல்லியமாக இந்த நிலையைத்தான். கரண்டியால் உண்பவருக்கு அதே கை ஓரளவு போதும்; கையால் உண்பவருக்குப் பந்தியில் உட்கார முடியாத அவமானம். சேலைக்குக் கொசுவம் மடிப்பதும் வேட்டியை இடுப்பில் இறுக்குவதும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சந்தித்தால்தான் நடக்கும். சுடுசோற்றில் கை வைப்பது இன்னொரு ஆபத்து. பிடிக்கத் தெரிந்த விரலுக்குச் சூடு தெரியாது.

கையைப் போலவே கால். தொழுநோயாளியின் பாதப்புண் ஆறாதது என்று பேர் வாங்கியிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் எல்லோருடைய புண்ணையும்போல ஆறியது. கட்டைப் பிரித்து நடந்தால் திரும்பி வந்தது. அப்படியானால் கெட்டது சதையல்ல, நடை. கல்லோ முள்ளோ குத்தினால் மட்டுமே புண் வருமென்பதில்லை. ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழும் சிறு அழுத்தமே போதும். நாம் நெடுந்தூரம் நடந்தால் அறியாமலே காலை மாற்றி வைப்போம், சற்று நொண்டுவோம். மரத்த பாதத்துக்கு அந்தத் தந்திரம் தெரியாது. எட்டு வைக்கும் அளவைக் குறைக்கவும், இடையிடையே நிற்கவும் கற்றுத்தர வேண்டியிருந்தது. நடத்தல் என்ற தொழிற்பெயரைக்கூட வளர்ந்த மனிதர் புதிதாகப் படிக்க வேண்டும் என்றால் மற்றதைச் சொல்ல வேண்டாம். செருப்பிலும் தேடல் நடந்தது. 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய ஷீஃப்ளின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இதில் இறங்கியது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் கடைசியில் தேறியது. மிக மென்மையானால் நசுங்கிப்போகும், கடினமானால் பாதத்தைக் குத்தும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 15 என்ற நடுநிலை பிடிபட்டது.

தொழுநோயிலிருந்து வேறு உடம்புகளுக்கு இந்த அறிவு கடந்த பாதை மேரி வர்கீஸ் வழியாகப் போகிறது. கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நின்றுகொண்டு செய்யும் அறுவை இனி இல்லை. ஆனால் கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் கல்லூரியின் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். 1966 நவம்பரில் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. தண்டுவடம் அடிபட்டவருக்கும் தொழுநோயாளிக்கும் நோய் வேறு, சிக்கல் ஒன்றுதான். இருவருக்கும் வலி சொல்லும் வாய் அடைபட்டிருக்கிறது. ஒருவருக்கு விரலில் வரும் புண் மற்றவருக்கு உட்காரும் இடத்தில் வரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்குவதும், கண்ணாடி வைத்து முதுகுப்புறத் தோலைப் பார்ப்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும். மேரி வர்கீஸுக்கு 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வேலூருக்கு இப்படி இடம் கொடுப்பதை எதிர்த்துச் சொல்லக்கூடியவை சில உண்டு. வேலூரில் இதைச் செய்த முன்னோடிகள் அறுவை மருத்துவர்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற பட்டம் அவர்களுக்கு இல்லை. அவர்களை இந்தத் துறையின் வரலாற்றில் சேர்ப்பது சரியா என்பது ஒன்று. அப்படிச் சேர்ப்பது பம்பாயின் பங்கைக் குறைக்காது. ஆளைப் பயிற்றுவித்து, பட்டம் கொடுத்து, சங்கம் அமைத்தது பம்பாய்தான். ஆனால் துறை என்பது பட்டத்துக்கு முன்பே ஒரு கேள்வியாகப் பிறக்கிறது. 'இந்த மனிதர் நாளை காலை எழுந்து என்னென்ன செய்வார், அதை எப்படிச் செய்வார்' என்ற கேள்வியை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்ட இடத்தை வெளியே நிறுத்துவது பட்டத்துக்கு மரியாதை, துறைக்கு அல்ல. மருந்து வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதே என்பது இரண்டாவது. டாப்சோன் 1940-களிலேயே வந்துவிட்டது; 1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது; 2005 இறுதியில் நோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. மருந்து கிருமியைக் கொல்லும். அழிந்த நரம்பை உயிர்ப்பிக்காது. நோய் குணமானவர் என்று சான்றிதழ் பெற்றவரும் மறுநாள் அதே மரத்த கையால்தான் பாத்திரம் இறக்குவார்.

மூன்றாவது மறுப்பு கனமானது. கவனமாக இரு, கையைப் பார், மெதுவாக நட என்று நோயாளிக்கே எல்லாவற்றையும் சொல்வது பழியை அவர் தலையில் ஏற்றுவதாகாதா? முன்பு புண் வந்தால் விதி என்றார்கள். இனி உன் அஜாக்கிரதை என்பார்கள். நடக்காததல்ல இது. புண்ணோடு வரும் நோயாளி சிகிச்சைக்கு முன் வசவு வாங்குவது இன்றும் பல இடங்களில் உண்டு. ஆனால் வேலூரின் முறையை முழுதாகப் பார்த்தால், மாறியது நோயாளி மட்டுமல்ல. சுத்தியலின் பிடி மாறியது, செருப்பு மாறியது, வீட்டுக்குப் பூனை வந்தது. பொருளையும் இடத்தையும் மனிதருக்கு ஏற்ப மாற்றுவது இந்தச் சிகிச்சையின் சரிபாதி. அந்தப் பாதியை விட்டுவிட்டு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் அதட்டல். ஊரின் மனத்தை மாற்றுவதில் இந்த முறை தோற்றது என்பதை மட்டும் மறைக்க முடியாது. சப்பிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் வேலூர் மருத்துவர்கள் அறுவை செய்து திருத்த வேண்டியிருந்தது ஏன்? கை நேரானவருக்கும் முகத்தைப் பார்த்து வேலை மறுத்தார்கள். தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2016-இல். தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழி அடைபட்டது 2019-இல். கைக்கு வைத்தியம் கண்டு இரண்டு தலைமுறை கழித்துத்தான் சட்டத்துக்கு வைத்தியம் நடந்தது.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் பாதப்புண்ணுக்குப் போட்ட மாவுக்கட்டும் கூடவே போனது. அங்கே அது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. நீரிழிவும் பாத நரம்பை மரக்கச் செய்வதுதான். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு, வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் பாதங்களுக்காகத் தேடிக் கண்ட அதே ரப்பர்தான்.